போர்டு இருக்கட்டும், முதலில் எஸ்எம்பிஎஸ்ஸைப் பாருங்கள்

கேள்வி: வணக்கம் சார். ஈரோட்டில் வேலை பார்க்கிறேன். 2019-இல் அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் வீட்டில் இருக்கிறது. ரைசன் 5 2600 ப்ராசஸர், பி450 மதர்போர்டு, 2666 வேகத்தில் ஒரே ஒரு 8 ஜிபி டிடிஆர்4 ரேம், ஜிடிஎக்ஸ் 1050 டிஐ 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு. 450 வாட் எஸ்எம்பிஎஸ், கேபினட்டோடு வந்தது. மானிட்டர் 1080பி, 75 ஹெர்ட்ஸ். வேலரண்ட் நன்றாக ஓடுகிறது. சைபர்பங்க் 2077 மாதிரி பெரிய கேம்கள் திணறுகின்றன. 50,000 ரூபாய் சேர்த்திருக்கிறேன். ஆர்டிஎக்ஸ் 5060 வாங்கலாம் என்று கடைக்குப் போனேன். "இந்த போர்டுக்கு அந்தக் கார்டு செட் ஆகாது, போர்டு, ப்ராசஸர், ரேம் மூன்றையும் மாற்றணும்" என்கிறார்கள். நண்பனோ, "அதெல்லாம் வேண்டாம், கார்டை வாங்கிச் சொருகு, ஓடும்" என்கிறான். யார் சொல்வது சரி?

பதில்: தம்பி, போர்டைப் பொறுத்தவரை உங்கள் நண்பர் சொல்வதுதான் சரி. அந்த போர்டை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் "வாங்கிச் சொருகு" என்று அவர் சொன்னதை மட்டும் அப்படியே செய்துவிடாதீர்கள். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது ஒரே ஒரு வரிதான்: "கேபினட்டோடு வந்த எஸ்எம்பிஎஸ்", அதாவது உள்ளே எல்லாப் பாகங்களுக்கும் கரண்ட் கொடுக்கும் பெட்டி. அதைப் பற்றிக் கடையிலும் பேசவில்லை, நண்பரும் பேசவில்லை. முதலில் மாற்ற வேண்டியது அதுதான்.

ஆறேழு வருஷமாக ஒரு பிரச்சினையும் இல்லாமல் ஓடுகிறதே என்று கேட்பீர்கள். ஓடும். ஏனென்றால் இதுவரை அதற்கு வேலையே வைக்கவில்லை. 1050 டிஐ அதிகபட்சமாக 75 வாட் எடுக்கிற கார்டு. போர்டில் கார்டைச் சொருகும் பிசிஐஇ ஸ்லாட் வழியாகவே 75 வாட் கிடைத்துவிடும் என்பதால் பெரும்பாலான 1050 டிஐ கார்டுகளில் தனியாக பவர் ஒயரே கிடையாது. ஆர்டிஎக்ஸ் 5060 அப்படி இல்லை. அதற்கு 145 வாட் வேண்டும். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து நேராக ஒரு 8 பின் கனெக்டர் வந்து கார்டில் மாட்ட வேண்டும்.

இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கேபினட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றுங்கள். எஸ்எம்பிஎஸ் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். "450" என்று பெரிதாகப் போட்டிருப்பதை விட்டுவிடுங்கள். கீழே சின்ன எழுத்தில் ஒரு கட்டம் இருக்கும், அதில் +12 வோல்ட்டுக்கு நேராக எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் கரண்ட் எடுப்பது அந்த 12 வோல்ட் லைனில்தான். 18 ஆம்பியர் என்று போட்டிருந்தால், பன்னிரண்டால் பெருக்கினால் 216 வாட். மேலே 450 என்று எழுதியிருந்தாலும் உங்களுக்குப் பயன்படுவது அந்த 216 மட்டும்தான். நல்ல 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் அதே கட்டத்தில் 45 ஆம்பியர் பக்கத்தில் இருக்கும்.

கணக்குப் போட்டால் உங்கள் தேவை பெரிதாகத் தெரியாது. கார்டு 145, ப்ராசஸருக்கு 90, ஃபேன், டிஸ்க், போர்டு எல்லாம் சேர்த்து 50 என்று வைத்தால்கூட 300-ஐத் தாண்டாது. அப்புறம் ஏன் என்விடியா 550 வாட் சொல்கிறது? கார்டு எப்போதும் ஒரே சீராகக் கரண்ட் எடுப்பதில்லை. கேமில் காட்சி மாறும் அந்த மில்லிசெகண்டுகளில், எழுதியிருக்கும் அளவைத் தாண்டி இழுக்கும். அந்த இழுப்பைத் தாங்காத எஸ்எம்பிஎஸ் ஆனால் திரை கறுத்துப்போய் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகும். பாதுகாப்பு சர்க்யூட்டே வைக்காத மட்டமான சரக்காக இருந்தால், அது போகும்போது போர்டையும் கார்டையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். முப்பதாயிரம் ரூபாய்க் கார்டு பாழானதும், "எஸ்எம்பிஎஸ்ஸுக்கு ஒரு மூவாயிரம் கூடப் போட்டிருக்கலாம்" என்று நிற்பவர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கும். அதனால்தான் இதையே இவ்வளவு நேரம் பேசுகிறேன்.

பெட்டியில் 80 பிளஸ் ப்ரான்ஸ் என்று இருப்பதை மட்டும் நம்பி வாங்கிவிட வேண்டாம். எடுக்கிற கரண்ட்டில் எவ்வளவு வீணாகாமல் வெளியே வருகிறது என்பதைத்தான் அந்த முத்திரை சொல்லும். உள்ளே போட்டிருக்கும் பாகங்களின் தரத்துக்கு அது சான்றிதழ் இல்லை. பெயர் தெரிந்த கம்பெனி, குறைந்தது ஐந்து வருஷ வாரண்டி, 550 அல்லது 650 வாட், பிசிஐஇ 8 பின் ஒயர் பிறவியிலேயே இருக்க வேண்டும். பழைய ஹார்ட் டிஸ்க் ஒயரிலிருந்து 8 பின்னாக மாற்றித் தருகிற சின்ன அடாப்டரைக் கடையில் இலவசமாகவே கொடுப்பார்கள். வாங்கிவராதீர்கள், அந்த ஒயர் சூடேறி உருகும்.

மாட்டும்போது இன்னொன்று. ப்ராசஸருக்குப் போகும் 8 பின்னும் கார்டுக்குப் போகும் 8 பின்னும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், வேறு வேறு. ப்ராசஸர் ஒயர் நான்கு நான்காகப் பிரியும், கார்டு ஒயர் ஆறும் இரண்டுமாகப் பிரியும். அழுத்தித்தான் மாட்ட வேண்டியிருக்கிறது என்றால் தப்பான ஒயரைப் பிடித்திருக்கிறீர்கள். கழற்றி மாட்டுகிற மாடுலர் எஸ்எம்பிஎஸ் வாங்கினால், அதோடு வந்த ஒயர்களை மட்டுமே பயன்படுத்துங்கள். வேறு கம்பெனி ஒயர் அழகாகப் பொருந்தும், ஆனால் எஸ்எம்பிஎஸ் பக்கத்தில் எந்தப் பின்னில் என்ன வோல்டேஜ் என்பதற்குப் பொது விதி கிடையாது. எஸ்எஸ்டியும் ஹார்ட் டிஸ்க்கும் ஒரே நொடியில் புகைந்துபோவது பெரும்பாலும் இப்படித்தான்.

சரி, இப்போது கார்டுக்கு வருவோம். "இந்த போர்டுக்குச் செட் ஆகாது" என்று கடையில் சொன்னதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. உங்கள் பி450 போர்டின் ஸ்லாட் பிசிஐஇ 3.0. 5060 கார்டு பிசிஐஇ 5.0. தலைமுறை வேறாக இருந்தாலும் கார்டு ஓடும், இரண்டில் எது மெதுவானதோ அந்த வேகத்தில் பேசிக்கொள்ளும். சிக்கல் வேறு இடத்தில். கார்டின் கனெக்டர் முழு நீளத்துக்கு இருந்தாலும், 5060-இல் வேலை செய்வது 16 லேன்கள் (டேட்டா போகும் தடங்கள்) அல்ல, 8 லேன்கள்தான். பிசிஐஇ 3.0-இல் ஒரு லேனில் நொடிக்கு ஏறக்குறைய 1 ஜிபி போகும். ஆக உங்கள் போர்டில் அந்தக் கார்டுக்குக் கிடைப்பது நொடிக்கு 8 ஜிபி பாதை. பிசிஐஇ 5.0 ஸ்லாட் உள்ள புது போர்டில் அதே கார்டுக்கு நான்கு மடங்கு கிடைக்கும்.

இது எப்போது வலிக்கும் என்பதுதான் கேள்வி. கேமுக்குத் தேவையான டெக்ஸ்சர் (சுவர், தரை, முகம் மேல் போர்த்தும் படங்கள்) எல்லாம் கார்டின் 8 ஜிபி மெமரிக்குள் அடங்கிவிட்டால் அந்தப் பாதையில் கூட்டம் இருக்காது. உங்களுக்கு வித்தியாசமே தெரியாது. அடங்காமல் வழிந்தால், மீதியைக் கம்ப்யூட்டரின் ரேமிலிருந்து அந்தக் குறுகிய பாதை வழியாக இழுத்து வரவேண்டும். அப்போதுதான் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃப்ரேம்) சராசரி நன்றாகக் காட்டினாலும், திரும்பும்போதெல்லாம் காட்சி ஒரு கணம் நின்று நின்று நகரும். புதிதாக வரும் பெரிய கேம்கள் 1080பி-யிலேயே டெக்ஸ்சரை உச்சத்தில் வைத்தால் 8 ஜிபியைத் தாண்டுகின்றன. ஆக, பழைய போர்டு வைத்திருப்பவருக்கு 8 ஜிபி, 8 லேன் கார்டு இரண்டு பக்கமும் இடிக்கிறது.

அதனால் என் விருப்பம் ஏஎம்டியின் ரேடியான் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி, 16 ஜிபி. அதற்கு 16 லேன்களும் உண்டு, மெமரியும் தாராளம். மின்சாரம் 160 வாட், 5060-ஐவிடச் சற்றுத்தான் கூடுதல். அதே பெயரில் 8 ஜிபி கார்டும் விற்கிறார்கள், பெட்டியில் 16 என்று பார்த்து வாங்குங்கள். கேமோடு பிளெண்டர், வீடியோ எடிட்டிங் என்று என்விடியாவையே கேட்கிற வேலை ஏதாவது இருந்தால் 5060-க்கே போங்கள், டெக்ஸ்சரை மட்டும் ஒரு படி குறைத்து வைத்துக்கொண்டால் போதும். குறைந்த ரெசல்யூஷனில் வரைந்த படத்தை ஏஐ மூலம் பெரிதாக்கி எஃப்பிஎஸ் கூட்டும் டிஎல்எஸ்எஸ் அதில் நல்ல பலம். இன்டெல் ஆர்க் பி580 விலைக்கு மலிவாகத் தெரியும், 12 ஜிபியும் உண்டு. ஆனால் அது ரீசைசபிள் பார், அதாவது கார்டின் மெமரி முழுவதையும் ப்ராசஸர் ஒரே நேரத்தில் எட்டும் வசதியை நம்பி ஓடுகிற கார்டு. ஏஎம்டி அந்த வசதிக்கு ரைசன் 3000 வரிசையிலிருந்துதான் அதிகாரபூர்வ ஆதரவு தருகிறது, உங்களுடையது 2600. போதாததற்கு, பழைய ப்ராசஸரில் அந்தக் கார்டு நிறையவே வேகம் இழக்கிறது. இந்தக் கம்ப்யூட்டருக்கு அது வேண்டாம்.

கார்டைத் தேர்ந்த பிறகு ஒரு இன்ச் டேப்பை எடுங்கள். கேபினட்டின் பின்புறத் தகட்டிலிருந்து முன்பக்க ஃபேன் வரைக்கும் உள்ளே எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு ஃபேன் கார்டுகள் பெரும்பாலும் 250-க்குள் அடங்கும். மூன்று ஃபேன் கார்டு 300-ஐத் தொடும், தாண்டவும் செய்யும். 2019-இல் விற்ற சின்ன கேபினட்டுகள் சிலவற்றில் கார்டு போக வேண்டிய இடத்திலேயே ஹார்ட் டிஸ்க் கூண்டு துருத்திக்கொண்டிருக்கும், அதையும் பார்த்துவிடுங்கள். உங்களுக்கு மூன்று ஃபேன் தேவையே இல்லை. 160 வாட்டுக்கு இரண்டு ஃபேன் தாராளமாகப் போதும்.

ரேம். ஒரே ஒரு 8 ஜிபி குச்சி என்பது உங்கள் கம்ப்யூட்டருக்கு இரட்டைக் குறை. அளவும் போதாது, ஒற்றைச் சேனலில் ஓடுவதால் வேகமும் பாதி. ரைசனில் ப்ராசஸருக்குள்ளேயே பாகங்கள் பேசிக்கொள்ளும் வேகம் ரேமின் வேகத்தோடு கட்டப்பட்டிருப்பதால் இந்தக் குறை இன்னும் கூடுதலாகத் தெரியும். சரியான வழி, ஒரே பெட்டியில் ஜோடியாக வரும் இரண்டு 8 ஜிபி, 3200 வேகம். ஆனால் 2025 கடைசியில் ரேம் விலை மளமளவென்று ஏறிவிட்டது, டிடிஆர்4-உம் தப்பவில்லை. பணம் இடித்தால், இப்போதிருக்கும் குச்சியைக் கழற்றி அதன் ஸ்டிக்கரில் உள்ள பார்ட் நம்பரைப் படம் எடுத்துக்கொண்டு, அதே நம்பரில் இன்னொன்று தேடுங்கள். அதே நம்பர் கிடைக்காமல் வேறு கம்பெனி போட்டாலும் பெரும்பாலும் ஓடும். ஆனால் இரண்டும் மெதுவானதின் வேகத்துக்கு இறங்கிவிடும், சில ஜோடிகள் ஒத்துப்போகாமல் கேம் நடுவில் நின்றும் போகும். அதனால் திருப்பிக் கொடுக்கலாம் என்று பேசிவிட்டு வாங்குங்கள். போர்டில் நான்கு ஸ்லாட் இருந்தால் ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும்தான் ஜோடி. மாட்டியதும் பயாஸில், அதாவது போர்டின் அடிப்படை செட்டிங்ஸ் திரையில், ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி-யை ஆன் செய்யுங்கள், செய்யாவிட்டால் 3200 ரேம் காலம் முழுக்கக் குறைந்த வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

கடைக்காரர் சொன்னபடி போர்டை மாற்றினால் இந்த ரேம் பிரச்சினை இன்னும் பெரிதாகும். ஏஎம்டியின் இப்போதைய தலைமுறை போர்டு என்றால் ஏஎம்5 சாக்கெட், அதற்கு டிடிஆர்5 மட்டும்தான். உங்கள் ரேம் அதில் சேராது, வெட்டுக்குறி இருக்கும் இடமே வேறு. இருக்கும் 50,000-இல் பெரும்பகுதி போர்டுக்கும் ரேமுக்கும் ப்ராசஸருக்கும் போய்விடும். கடைசியில் புத்தம்புது கம்ப்யூட்டரில் பழைய 1050 டிஐ-யோடு உட்கார்ந்திருப்பீர்கள். சைபர்பங்க் அப்போதும் திணறும்.

ப்ராசஸரை இந்த முறை விட்டுவிடுங்கள் என்பது என் யோசனை. 2600 பழையதுதான், ஆனால் உங்கள் மானிட்டர் 75 ஹெர்ட்ஸ். நொடிக்கு 75 ஃப்ரேமுக்கு மேல் போனாலும் அது காட்டப்போவதில்லை. கார்டு போட்டபின் ஒரு மாதம் விளையாடுங்கள். கூட்டமான தெருக்காட்சியில் எஃப்பிஎஸ் விழுந்தால், கேமில் ரெசல்யூஷனை 720பி-க்கு இறக்கிப் பாருங்கள். எஃப்பிஎஸ் குதித்து ஏறினால் கார்டு திணறுகிறது என்று அர்த்தம். இறக்கியும் அதே எண்ணில் நின்றால் ப்ராசஸர்தான் பிடித்து வைத்திருக்கிறது. அப்போது மாற்றலாம். 2018-இல் வந்த 2600-க்கும் 2022-இல் வந்த ரைசன் 5 5600-க்கும் ஒரே ஏஎம்4 சாக்கெட். உங்கள் போர்டின் அருமையே அதுதான்.

வாங்கும்போது வெறும் 5600 என்று கேட்டு வாங்குங்கள். 5500, 5600ஜி இரண்டும் அதே விலையை ஒட்டி அலமாரியில் இருக்கும், கடையில் "எல்லாம் ஒன்றுதான்" என்பார்கள். ஒன்றில்லை. 5600-க்கு 32 எம்பி எல்3 கேஷ் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் அதிவேக மெமரி), மற்ற இரண்டுக்கும் 16 எம்பி. கேமில் அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். 5600-உம் உங்கள் 2600 போலவே 65 வாட் வகை என்பதால் சாதாரண பி450 போர்டும் அதைத் தாங்கும். கூலரும் பெட்டியிலேயே வரும். 5700எக்ஸ்3டி கேமுக்கு இன்னும் நல்லது. ஆனால் அது 105 வாட், கூலர் தனியாக வாங்க வேண்டும், ப்ராசஸருக்குக் கரண்ட் தரும் பாகங்களைக் குளிர்விக்க ஹீட்சிங்க் கூட இல்லாத மலிவு போர்டில் அதைப் போடச் சொல்லி நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

ப்ராசஸர் பிறகு என்றாலும், பயாஸ் அப்டேட்டை இப்போதே செய்து வையுங்கள். பழைய பயாஸோடு 5600-ஐ மாட்டினால் திரையில் ஒன்றுமே வராது, அப்போது பெரும்பாலான போர்டுகளில் திரும்ப 2600-ஐ மாட்டித்தான் அப்டேட் செய்ய வேண்டும். போர்டின் மாடல் பெயர் போர்டின் மேலேயே அச்சாகியிருக்கும். ரிவிஷன் எண்ணோடு முழுசாகக் குறித்துக்கொண்டு கம்பெனியின் இணையதளத்தில் ப்ராசஸர் ஆதரவுப் பட்டியலைப் பாருங்கள். 5600-க்கு நேராக எந்த பயாஸ் வெர்ஷன் போட்டிருக்கிறதோ அதுவோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். பி450 காலத்துப் போர்டுகள் சிலவற்றில் பயாஸ் சிப் 16 எம்பிதான். புது ப்ராசஸர்களுக்கு இடம் வைக்க அந்த பயாஸ்களில் பழைய ப்ராசஸர் ஆதரவில் சிலவற்றைக் கழித்துவிட்டார்கள். ஆகவே புது வெர்ஷனில் உங்கள் 2600 இன்னும் இருக்கிறதா என்பதையும், நடுவில் வேறு ஏதாவது வெர்ஷனை முதலில் போடச் சொல்லியிருக்கிறார்களா என்பதையும் அந்தப் பக்கத்துக் குறிப்பில் படித்துவிட்டுத் தொடங்குங்கள். எஃப்ஏடி32-இல் ஃபார்மேட் செய்த பென் டிரைவ் போதும். அப்டேட் நடக்கும் சில நிமிஷம் கரண்ட் போகக் கூடாது, யுபிஎஸ்ஸில் வைத்துச் செய்யுங்கள்.

வீட்டில் 600 விஏ யுபிஎஸ் இருந்தால் அது ஏறக்குறைய 360 வாட்தான் தாங்கும். பயாஸ் அப்டேட்டுக்குத் தாராளம். புது கார்டோடு கேம் நடுவில் கரண்ட் போனால், மானிட்டரும் சேர்ந்து அதன் எல்லையில் நிற்கும், 1000 விஏ இருந்தால் நிம்மதி. பிளக் பாயிண்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று அடிக்கிற வீடுகளில் நல்ல எஸ்எம்பிஎஸ் போட்டும் முழுப் பயன் இல்லை.

பின்னால் ப்ராசஸர் மாற்றும் அன்றைக்கு இரண்டு விஷயம். கம்ப்யூட்டரைப் பத்து நிமிஷம் ஓடவிட்டு, அணைத்து, சூடு ஆறுவதற்குள் கூலரை லேசாக இடதும் வலதும் திருகி எடுங்கள். ஏஎம்4 ப்ராசஸரில் பின்கள் ப்ராசஸரிலேயே இருக்கின்றன. நடுவில் தடவிய தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோன கூலரை நேராக மேலே இழுத்தால், பூட்டியிருக்கும் சாக்கெட்டிலிருந்து ப்ராசஸரும் சேர்ந்தே வந்துவிடும், பின் வளையும். அடுத்து, புது ப்ராசஸரோடு முதல் தடவை ஆன் செய்யும்போது எஃப்டிபிஎம் (ரகசியச் சாவிகளை வைத்திருக்கும் பாதுகாப்புப் பகுதி) மாறிவிட்டது, ரீசெட் செய்யவா என்று ஒரு கறுப்புத் திரை கேட்கும். விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் ஆன் ஆகியிருந்தால் அதை முன்பே நிறுத்தி வையுங்கள், அல்லது ரெகவரி கீயை எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் உங்கள் டிஸ்க்கை உங்களாலேயே திறக்க முடியாமல் போகலாம்.

விண்டோஸ் 10-இலேயே இருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. 2600-க்கு விண்டோஸ் 11 ஆதரவு உண்டு, பயாஸில் எஃப்டிபிஎம்-உம், நம்பகமான மென்பொருளை மட்டுமே தொடங்க விடும் செக்யூர் பூட்டும் ஆன் செய்தால் போதும். விண்டோஸ் 11-இல் வேலரண்ட்டும் அந்த இரண்டையும் கேட்கும்.

ஆக 50,000-ஐ இந்த வரிசையில் செலவு செய்யுங்கள்: எஸ்எம்பிஎஸ், கார்டு, இன்னொரு ரேம். 16 ஜிபி கார்டுக்கு இரண்டாயிரம் மூவாயிரம் குறைந்தால் ஒரு மாதம் பொறுங்கள், எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் கை வைக்காதீர்கள். பில்லில் கார்டின் சீரியல் நம்பர் எழுதி வாங்குங்கள், வாரண்டிக்கு அதுதான் கேட்பார்கள். ரேடியான் வாங்கினால், பழைய கார்டு இருக்கும்போதே டிடியு என்ற, பழைய டிரைவரை நீக்கும் புரோகிராமைப் போட்டு என்விடியா டிரைவரைத் துடைத்துவிட்டு அப்புறம் மாட்டுங்கள். மாட்டியதும் மானிட்டர் ஒயரைக் கார்டில் உள்ள போர்ட்டில் செருகுங்கள், போர்டில் உள்ளதில் அல்ல.

பழைய 1050 டிஐ-க்கு ஓரளவு விலை தருகிறேன் என்று கடையில் கேட்பார்கள். கொடுக்க வேண்டாம். 2600-இலும் சரி, 5600-இலும் சரி, உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. புது கார்டு என்றைக்காவது வாரண்டிக்குப் போனால், அது திரும்பி வரும்வரை திரையில் படம் வருவதற்கு உங்களிடம் வேறு வழி இல்லை.